அனுப்பிய படம் எங்கே போகிறது?

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்களை எடுத்த காமிராவுக்குள் ஒரு ஃபிலிம் சுருள் இருந்தது. ஒரு சுருளில் பெரும்பாலும் 36 படங்கள் எடுக்கலாம். ஃபிலிமைக் கழுவினால் நெகட்டிவ் கிடைக்கும். நெகட்டிவிலிருந்து வேண்டிய பிரதிகளைப் போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவ் யாருடைய பெட்டியில் இருந்ததோ அவரே படத்துக்கு உடையவர். படம் பிடிக்கவில்லையா? நெகட்டிவைக் கிழித்துவிட்டால் புதிய பிரதி பிறக்க வழியில்லை.

கைப்பேசியில் எடுக்கும் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. அதன் ஒவ்வொரு பிரதியும் ஒரு நெகட்டிவ் என்று சொன்னாலும் பொருந்தும். யாரிடம் ஒரு பிரதி இருக்கிறதோ, அவரால் இன்னும் எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் உண்டாக்க முடியும். விளையாட்டு விழாவில் ஓடும்போது சேற்றில் வழுக்கி விழுந்த ஒரு மாணவனை அவன் தோழன் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படத்துக்கு என்ன நேர்கின்றது?

படம் என்பது எண்களே

12 மெகாபிக்சல் படத்தில் குறுக்கே 4000, நெடுக்கே 3000 புள்ளிகள் உள்ளன என்று கொள்ளுங்கள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க 0 முதல் 255 வரை மூன்று எண்கள். ஆக, சேற்றில் விழுந்த மாணவன் 3 கோடியே 60 லட்சம் எண்களாக மாறிவிடுகிறான். எண்ணைப் பார்த்து எழுதினால் அசலுக்கும் நகலுக்கும் வேறுபாடு ஏது? செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் தெளிவு சற்றுக் குறையலாம். ஆனால் ஆளை அடையாளம் காண அது தடையாவதில்லை.

படத்தோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டும் ஒட்டிக்கொண்டு வரும். எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை ஆகியவற்றோடு, இருப்பிட வசதி திறந்திருந்தால் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கூட அதில் பதிவாகும். உங்கள் கைப்பேசியில் ஒரு படத்தின் விவரங்களைத் திறந்து பாருங்கள். வீட்டு வாசலில் எடுத்த படமானால், அந்த எண்கள் உங்கள் வாசலையே காட்டும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இந்தச் சீட்டு நீக்கப்படுகின்றது. அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் சீட்டும் உடன் செல்லும். காமிராவுக்கு இருப்பிட அனுமதி தராமல் இருப்பது எளிய வழி.

ஐந்து ஐந்தாக

முதலில் படம் பெற்ற 5 பேரும் ஆளுக்கு 5 புதியவர்களுக்கு அனுப்பினால் 25 பேர். அடுத்து 125. ஆறாவது படியில் மட்டும் 15,625 பேர். ஆறு படிகளையும் கூட்டினால் 19,530. ஒரு சிற்றூரே பார்த்தது போல் ஆகிவிடும்.

இந்தப் பெருக்கம் உயிரையும் வாங்கியிருக்கிறது. 2018 ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்ஆப்பில் வதந்தி பரவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரார் சந்தேகப்பட்டு அடித்துக் கொன்றனர். நாட்டின் வேறு பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நடந்தன. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு 5 உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதவாறு அந்நிறுவனம் வரம்பு விதித்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வரம்பை மேலும் இறுக்கியது. அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்தன என்று பின்னர் அறிவித்தது. விரலை ஒரு கணம் தாமதிக்க வைத்ததற்கே இவ்வளவு பலன்!

தொற்றுநோயின் கணக்கும் இதுவேதான். படம் பெறும் ஐவரில் சராசரியாக ஒருவர் முன்னனுப்பினால் பரவல் அதே அளவில் தொடரும். ஒருவருக்கும் குறைவானால் சில படிகளில் தானே ஓய்ந்துவிடும். எல்லோரும் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று இந்தக் கணக்கு கேட்கவில்லை. வகுப்பில் பெரும்பாலோர் சும்மா இருந்தாலே போதும்.

“தமாஷுக்குத்தானே போட்டேன்?”

படம் போட்டவன் உண்மையிலேயே அப்படி நினைத்திருக்கலாம். ஜஸ்டின் க்ரூகர், நிகோலஸ் எப்லி முதலிய அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2005 இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். சில வாக்கியங்களை மெய்யாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் மாணவர்கள் மின்னஞ்சலில் அனுப்பினர். படிப்பவர்கள் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வர் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தனர். சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதோ 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 தடவை சரியாக வருமே! அவ்வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது 73 தடவை சரியாகப் புரிந்தது. அனுப்புபவரின் மனத்தில் ஒலிக்கும் குரல் எழுத்தோடு போவதில்லை. விழுந்த மாணவன் வீட்டில் தனியே அமர்ந்து 30 சிரிப்புப் பொம்மைகளைப் பார்க்கிறான். எவர் தோழமையாய்ச் சிரித்தார், எவர் எள்ளி நகைத்தார் என்று அவனால் பிரித்தறிய முடியாது.

பொதுக் குழுவில் அவனுக்காக வாதாடுவதைவிட, படம் போட்டவனிடம் தனியாகப் பேசி எடுக்கச் சொல்வது பலன் தரும் என்பது என் கருத்து. பிறகு விழுந்தவனையும் ஒரு முறை அழைத்துப் பேசுங்கள், குரலில்.

படத்துக்கும் கைரேகை உண்டு

சேற்றுப் படம் இருக்கட்டும். ஒருவருடைய அந்தரங்கப் படம் வெளியேறினாலோ, அதை வைத்து எவரேனும் மிரட்டினாலோ என்ன செய்வது? இங்கே அறிவியல் ஓரளவு கைகொடுக்கின்றது. ஒரு படத்தை மிகச் சிறிய கறுப்பு வெள்ளைப் படமாகச் சுருக்கினோம் என்று கொள்வோம். மூன்று வரிசைகள், வரிசைக்கு நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சத்தையும் எண்ணால் குறிக்கிறோம்:

40, 90, 70, 120
200, 150, 160, 100
30, 60, 95, 80

ஒவ்வோர் எண்ணையும் அதன் வலப்புற எண்ணோடு ஒப்பிடுங்கள். வலப்புறம் பெரிதானால் 1, இல்லையேல் 0. முதல் வரிசை 101, இரண்டாவது 010, மூன்றாவது 110. ஆகவே 101010110 என்பது இப்படத்தின் கைரேகை. படத்தை யாரேனும் வெளிச்சமாக்கி எல்லா எண்களோடும் 20 கூட்டினாலும் கைரேகை மாறாது. இதன் இன்னொரு குணம் முக்கியமானது. 10, 11, 5, 200 என்ற வேறொரு வரிசையும் 101 என்றே வரும். எனவே கைரேகையை வைத்துக்கொண்டு படத்தை மீண்டும் வரைந்துவிட முடியாது.

நடைமுறையில் உள்ள முறைகள் இதைவிடச் சிக்கலானவை. 2009 இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் ஹானி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய ‘ஃபோட்டோடிஎன்ஏ’ அவற்றுள் பெயர்பெற்றது. குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளின் படங்களைக் கண்டுபிடிக்க அது பயன்படுகின்றது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட தம் அந்தரங்கப் படத்தைப் பற்றி எந்த நாட்டவரும் பெயர் சொல்லாமல் அதில் முறையிடலாம். கைரேகை உங்கள் கைப்பேசியிலேயே கணக்கிடப்படும். கைரேகை மட்டுமே மையத்துக்குச் செல்லும், படம் உங்களிடமே இருக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய தளங்கள் அந்தக் கைரேகையோடு ஒத்த படங்களைத் தேடி நீக்குகின்றன. ஆனால் வாட்ஸ்ஆப் போல் பூட்டிய உறையில் செல்லும் படங்களை இம்முறையால் எட்ட இயலாது.

முதலில் சொல்ல வேண்டிய இடம்

மிரட்டல் வந்தால் பணம் தராதீர்கள். வேறு படமும் அனுப்பாதீர்கள். மிரட்டிய செய்திகளையும் அனுப்பியவரின் கணக்குப் பெயரையும் அழிக்காமல் வைத்துவிட்டு அவரைத் தடை செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இணையக் குற்ற உதவி எண் 1930. தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். சிறுவர்களின் ஆபாசப் படத்தை முன்னனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். “எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன்” என்பது விடையாகாது.

ஆயினும் எந்த எண்ணுக்கும் முன்னால் அம்மாவோ அப்பாவோ அறிவது நல்லது. பலர் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் மிக எளியது: சொன்னால் கைப்பேசி பறிபோகும். மிரட்டுபவனுக்கும் இது தெரியும். “வீட்டில் சொல்லிவிடுவேன்” என்பதே அவன் ஆயுதம். ஆகவே ஒன்றும் நடவாத ஒரு நாளில் இக்கட்டுரையை வீட்டில் காட்டுங்கள். “எது நடந்தாலும் சொன்னதற்காகத் தண்டனை இல்லை” என்று ஒரு வாக்குக் கேட்டுப் பெறுங்கள். பிள்ளைகளின் கைப்பேசியை இரகசியமாக வேவு பார்க்கும் செயலிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொள்ளும். பெற்றோரிடமும் ஒன்று கேட்கலாம்: பள்ளியின் பெயர் தெரியும் சீருடைப் படங்களை உங்களைக் கேட்காமல் சித்தப்பா, அத்தை அனைவருக்கும் தெரியும்படி பொதுவில் போட வேண்டாமே என்று.

செய்து பார்க்க

மேலே கண்ட எண்களில் இரண்டாம் வரிசையிலுள்ள 150 ஐ மட்டும் 255 ஆக்குங்கள். படத்தின் மீது யாரோ ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியது போல் இது. கைரேகையின் 9 குறிகளில் எத்தனை மாறின? எத்தனை குறிகள் வேறுபட்டாலும் “அதே படம்தான்” என்று ஏற்கலாம்? அந்த எண்ணிக்கையை மிகவும் கூட்டிவிட்டால் யாருடைய படம் தவறாக நீக்கப்படும்? உங்கள் கணித ஆசிரியரோடு விவாதியுங்கள்.