வலையமைப்பு வழியே வட்டு நகலெடுத்தல்

லினக்ஸ் இயக்க அமைப்பில் 'டிடி' என்னும் கட்டளை, வன்வட்டைக் கோப்பு கோப்பாக அன்றி முதல் பிட்டிலிருந்து இறுதி பிட் வரை அப்படியே படிக்கிறது. அவ்வெளியீட்டைக் குழாய்க்குறியின் வழியே 'எஸ்எஸ்எச்' கட்டளைக்கு அளித்தால், தரவு மறையாக்கம் பெற்று மற்றொரு கணினியில் படிமக் கோப்பாகச் சேமிக்கப்படும். வெற்றிடங்களும் நகலாவதால், 500 ஜிகாபைட் வட்டுக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் வேகமுள்ள வலையமைப்பிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மீட்கும்போது திசை தலைகீழாகிறது: படிமம் உள்ளீடு, வட்டு வெளியீடு. உள்ளீட்டைக் குறிக்கும் 'ஐஎஃப்', வெளியீட்டைக் குறிக்கும் 'ஓஎஃப்' ஆகிய இரண்டிலும் பெயர்கள் இடம் மாறினால் 'டிடி' எவ்வித வினாவும் எழுப்பாது. காக்கவேண்டிய தரவின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். எனவே 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் வட்டுகளின் பெயரையும் கொள்ளளவையும் முதலில் சரிபார்த்தல் வேண்டும்.