மாங்காயின் நுனி கருப்பதேன்?

மாங்காய்களின் கீழ்நுனி கருத்திருப்பதைக் காணும் தோப்புக்காரர், பூச்சியோ பூசணமோ தாக்கிற்று என்று கருதி மருந்து தெளிப்பதுண்டு. ஆயின் அக்கருமை சூளைப்புகையால் விளைந்ததாயின், பூசண மருந்தால் பயன் இல்லை.

கருநுனி நோய் எனப்படும் இக்கேடு, உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய வடமாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அறியப்பட்டதாகும். லக்னோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். என். தாஸ்குப்தாவும் அவருடைய உடன் ஆய்வாளரும் 1939இல் இதன் அறிகுறிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். மாமரத்தை ஆராய்வதற்கென்றே, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின்கீழ் 1972இல் லக்னோவில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. 1984இல் அது தனி நிறுவனமாயிற்று.

செங்கற்சூளைகளில் நிலக்கரி எரியும்போது கந்தக டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் ஆகிய வாயுக்கள் வெளிப்படுகின்றன. இவற்றுள் கந்தக டையாக்சைடு, இலைத்துளைகளின் வழியே உட்புகுந்து பச்சையத்தைச் சிதைக்கும். எத்திலீனோ, கனிகள் பழுப்பதற்காகத் தாவரங்கள் தாமே உண்டாக்கும் பொருள். புறத்திலிருந்து அது மிகுந்து வருமாயின் இளங்காய்க்குக் கேடாகும். புகைபட்ட காயின் நுனி முதலில் மஞ்சளாகிப் பின்னர்ப் பழுப்பேறிக் கருக்கும். காய் வளர்ச்சி குன்றி, முதிருமுன்னரே பழுத்துவிடும். தசேரி வகை இதற்கு எளிதில் இரையாகின்றது. மழையற்ற திங்களில்தான் சூளைகள் எரிகின்றன. மா பூத்துக் காய்ப்பதும் அக்காலத்தேயாம்.

இதனைத் தடுக்க, ஒரு லிட்டர் நீரில் 6 கிராம் வெண்காரம் கரைத்து, பூக்குமுன்னும், பூக்கும்போதும், காய் பிடித்த பின்னும் தெளிக்குமாறு ஆராய்ச்சியாளர் பரிந்துரைக்கின்றனர். சூளையின் புகைபோக்கி 15 முதல் 18 மீட்டர் உயரம் இருத்தல் நன்று. பழத்தோட்டங்களிலிருந்து குறைந்தது 0.8 கிலோமீட்டர் தொலைவிலேயே சூளை அமைதல் வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு விதி வகுத்தது.

பெங்களூரை அடுத்த கோலார், ராமநகரம் வட்டாரங்கள் மாம்பழத்திற்குப் பெயர் பெற்றவை. நகரம் விரியுந்தோறும் செங்கல்லின் தேவையும் பெருகும். சூளையை வேறிடத்திற்கு மாற்றலாம். பல ஆண்டுகள் வளர்ந்த மரத்தை அவ்வாறு மாற்றுதல் அரிது. ஆதலின் தொலைவையும் காற்றின் திசையையும் முன்னரே ஆய்ந்து இடந்தேர்தல் இருசாராருக்கும் நன்மை பயக்கும்.