மறதிநோயைப் படமெடுக்க வரும் தம்பி தங்கைகளுக்கு

1. சாப்பிட்டதை மறந்து மறுபடி இலை போடச் சொல்லும் பாட்டியைக் காட்டினால் தியேட்டர் சிரிக்கும். அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு நமக்கு வேண்டாம்.

2. கேமராவை யார் பக்கம் வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எப்போதும் மகளின் பக்கமே நின்றால் அப்பா வெறும் நோயாளியாகிவிடுவார். ஃப்ளோரியன் ஸெல்லர் தன் நாடகத்தையே 2020இல் 'தி ஃபாதர்' என்று படமாக்கினார். அதில் நோய் வந்த அப்பாவாக ஆந்தனி ஹாப்கின்ஸ் நடமாடும் வீட்டில் சமையலறையும் சாமான்களும் சத்தமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒலிவியா கோல்மனை மகளென்று நாம் நம்பியிருக்கும்போது, ஒலிவியா வில்லியம்ஸ் மகளாக வந்து நிற்பார். பார்க்கிற நமக்கே எது நிஜம் என்று பிடிபடாது. பரிதாபப்படு என்று யாரும் சொல்லாமலே அந்த அப்பாவின் பயம் நம்மைத் தொற்றிக்கொள்ளும். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தக் கிழவர் சாது இல்லை. கைக்கடிகாரத்தைத் திருடிவிட்டார்கள் என்று பழி போடுவார். புதிதாக வந்த பெண்ணிடம் குழைந்து பேசி ஆடிக் காட்டுவார். அடுத்த நிமிடமே சுடுசொல் வீசுவார். நோய் வந்தவரைச் சாந்த சொரூபியாக்கி மூலையில் உட்காரவைப்பதும் அவமதிப்புதான்.

3. வழக்கமாக முதலில் நழுவுவது அண்மை நினைவு. காலையில் வந்த விருந்தாளி மறந்துபோவார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயர் நாக்கில் நிற்கும். பொழுது சாய்ந்தால் சிலருக்குப் பதற்றம் கூடும். சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். இதெல்லாம் தெரிந்துகொள்ளாமல் வசனம் எழுத உட்காராதீர்கள். க்ளைமாக்ஸில் மகன் முகம் பார்த்ததும் எல்லாம் திரும்பிவருவது பொய். அந்த நாளுக்காக நிஜத்தில் காத்திருக்கும் பிள்ளைகளை அது வதைக்கும்.

4. "நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று பெரியவருக்குப் பரீட்சை வைக்கும் சீன் தவிர்க்க முடியாததென்றால், கேட்பவரின் கண்ணீரை விட்டுவிடுங்கள். பதில் தெரியாமல் கூசிப்போகும் அந்த முகத்தோடு இருங்கள்.

5. பார்த்துக்கொள்பவரைத் தியாகியாக்காதீர்கள். 'அவே ஃப்ரம் ஹெர்' படத்தில் மனைவி, காப்பகத்தில் இன்னொரு நோயாளியிடம் பிரியமாகிவிடுகிறாள். பார்க்க வரும் கணவருக்குப் பொறாமை. ஒருகாலத்தில் அவளுக்குத் தான் செய்த துரோகத்தின் உறுத்தலும் சேர்ந்து குடைகிறது. 2006இல் அது வெளியானபோது இயக்குநர் சாரா பாலிக்கு வயது 27. இளம் வயதில் இது நமக்குப் புரியுமா என்று தயங்குகிறவர்கள் அவசியம் பாருங்கள்.

6. நிஜ நோயாளியைப் படம்பிடித்தால் குடும்பத்தாரின் கையெழுத்து மட்டும் போதாது. நேற்று சரி என்றவரிடம் இன்றும் கேளுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கேமராவை மூடிவிடுங்கள், அன்றைய ஷூட்டிங் செலவு வீணானாலும்.