போர்க்காயமும் பதிவேடும்

பழந்தமிழ்ப் புலவர் போரிற் பட்ட புண்ணை இருவகையாகப் பகுத்தனர். முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகிற் பட்டது புறப்புண். முன்னையது புகழ், பின்னையது பழி. விழுப்புண் படாது கழிந்த நாள்களையெல்லாம் வீண்நாள் என்று எண்ணி ஒதுக்கும் வீரன் ஒருவனை வள்ளுவர் காட்டுகின்றார். நீரில் மூழ்கி எழும் சிரற்பறவையைப் போன்று சதையினுட் புகுந்தெழும் ஊசியாற் புண் தைக்கப்பட்ட செய்தியைப் பதிற்றுப்பத்திற் படிக்கின்றோம். புண்ணின் பெருமையையும் அதனை ஆற்றும் வகையையும் நம் முன்னோர் அறிந்தேயிருந்தனர். ஆயினும் களத்தில் வீழ்ந்தோருள் எத்துணைப் பேர் எக்காரணத்தால் இறந்தனர், அவருள் எவரைக் காத்திருத்தல் கூடும் என்னும் கணக்கினை அந்நூல்களிற் காண்டல் அரிது. அது புலவர் தொழிலன்று.

அக்கணக்கினை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை இன்று உண்டு. அதனைப் போர்க்காய மருத்துவ ஆராய்ச்சி என்பர். அத்துறையிற் பெரும் மருத்துவர் பெயர்களே கட்டுரைகளின் தலைப்பில் நிற்கும். அவருக்குக் கீழே, படிவங்களை நிரப்பியும் நேரங் குறித்தும் ஏடுகளை ஒப்புநோக்கியும் தொழிற்படுபவர் ஆராய்ச்சி உதவியாளர். மாணாக்கர் பலர் இத்தொழிலின் பெயரைக் கேட்டிருப்பர். அதன் தன்மையை அறியார். மருத்துவம் கற்றிலாத தமிழாசிரியன் இப்பொருளை எடுத்தது ஏன் என்று பழைய மாணவராகிய மருத்துவ அன்பர்கள் வினவக்கூடும். உள்ளதை உள்ளவாறு எழுதுதல் என்பதே இத்தொழிலின் உயிர்நிலை. எழுத்தைப் பற்றிப் பேச எமக்கும் சிறிது உரிமையுண்டு என்க. மேலும், போர் என்னும் சொல்லை நூலில் மட்டுமே கண்ட தலைமுறையன்று எம்முடையது.

முதலில் அவ்வுதவியாளர் செய்யும் வேலையை நோக்குவோம். காயமுற்றவரின் ஏடு அவர் கைக்கு வரும். களத்தில் எழுதிய அட்டை, வைத்தியசாலைக் குறிப்பு, சத்திரசிகிச்சை அறிக்கை, எக்ஸ்கதிர்ப் படத்தின் விளக்கம், இறந்தவராயின் பிரேத பரிசோதனை அறிக்கை ஆகிய அனைத்தையும் அவர் படித்து, ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை ஓர் எண் இடுவார். 1 சிறு காயம், 6 பிழைத்தற்கரியது. 1971ஆம் ஆண்டில் அச்சில் வந்த இவ்வளவுகோல் மோட்டார் வாகன விபத்துக்களை ஆராய்வதற்கென ஆக்கப்பட்டது. 1974இல் சூசன் பேக்கர் என்பாரும் அவர்தம் துணைவரும் அதன்மேல் ஒரு கணக்கினை வகுத்தனர். உடலை ஆறு பகுதிகளாக்கி, மிக மோசமாகக் காயமுற்ற மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கித்துக் கூட்டுக என்பதே அது. தலைக்கு 3, மார்புக்கு 4, காலுக்கு 3 எனின், 9, 16, 9 ஆகிய மூன்றுங் கூடி 34 ஆகும். மிக உயர்ந்த தொகை 75.

கணக்கு எளிது, ஆயின் அதில் ஒரு குறை உண்டு. ஒரு பகுதியில் எத்தனை காயம் இருப்பினும் மோசமான ஒன்றே கணக்கில் ஏறும். நிலக்கண்ணியில் இரு கால்களும் சிதைந்தவனும் ஒரு கால் சிதைந்தவனும் ஒரே எண்ணைப் பெறுதல் கூடும். விபத்துக்கென அமைந்த அளவுகோல் வெடிகுண்டுக்குப் பொருந்தாமை கண்டே, பின்னாளிற் படைத்துறைக்கென அதனைத் திருத்தி அமைத்தனர். இக்குறையை முதலில் உணர்பவர், நாள்தோறும் எண் இடும் உதவியாளரே அன்றோ?

ஏட்டிலுள்ள பெயரையும் அவர் நீக்கிவிடுவார். அதன் இடத்தில் ஓர் இலக்கமே நிற்கும். வீழ்ந்த வீரனின் பெயரை நடுகல்லிற் பொறித்த மரபு எம்முடையது. இங்கோ பெயரை மறைப்பதே மரியாதை.

இனி இத்துறையின் வரலாற்றிற் சிலவற்றைக் காண்போம். முதலாம் உலகப் போரின்போது, 1917இல், ஹாவாட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியல் அறிஞர் வோல்ற்றர் கனன் பிரான்சுக்குச் சென்று, பெத்தூன் நகரிற் பிரித்தானிய மருத்துவருடன் தங்கி, காயமுற்றோர் உடல் குளிர்ந்து நாடி தளரும் அதிர்ச்சி நிலையை ஆராய்ந்தார். குருதியமுக்கத்தை அளந்து எழுதுவதே அன்று பெருவேலை. 1918இல் அவரும் துணைவரும் ஒரு செய்தியை அறிவித்தனர்: குருதி வடியும் இடத்தை அடைக்குமுன் அமுக்கத்தை உயர்த்தினால், இழத்தற்கரிய குருதியும் வெளியேறிவிடும். இவ்வுண்மை பிற்காலத்திற் பெரிதும் மறக்கப்பட்டது. 1994இல் ஹியூஸ்ரன் நகரில், உடலின் நடுப்பகுதியில் ஊடுருவிய காயம் பட்டு அமுக்கம் தாழ்ந்திருந்த 598 பேரை ஆராய்ந்தபோது, சத்திரசிகிச்சைவரை நாளத்தில் நீர் ஏற்றாது வைத்தோருள் நூற்றுக்கு 70 பேரும், உடனே ஏற்றப்பட்டோருள் 62 பேரும் பிழைத்தனர் எனக் கண்டனர்.

இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்னும் மருத்துவர், கடுங்காயமுற்ற படைவீரரை அணுகி, நோவு எவ்வளவு, அதனைத் தணிக்க மருந்து வேண்டுமா என்று வினவி, விடையை எழுதினார். ஏறத்தாழ முக்காற் பங்கினர் மருந்து வேண்டாம் என்றனர். 1946இல் வெளிவந்த அவ்வாய்வு, நோவு என்பது புண்ணின் அளவை மட்டும் பொறுத்ததன்று எனக் காட்டியது. இத்தகைய எளிய வினாவை எல்லோரிடத்தும் ஒரே வகையாகக் கேட்டல், நினைப்பதுபோல எளிதன்று. வினாவின் ஒரு சொல் மாறினால் விடையும் மாறிவிடும். கொரியப் போரிலும் ஆராய்ச்சிக் குழு ஒன்று களத்தருகே பணியாற்றியது. அதனை விரிப்பிற் பெருகும்.

வியட்நாம் போரில் நடந்ததே என் உள்ளத்தை மிகக் கவர்ந்தது. 1967 முதல் 1969 வரை அமெரிக்கப் படையினர் தனிக்குழு ஒன்றை அனுப்பி, காயமுற்றோரும் இறந்தோருமாக 7,989 பேரின் விபரங்களைத் திரட்டினர். எந்த ஆயுதம், எவ்வளவு தூரம், எந்த நிலையில் நின்றார் அல்லது கிடந்தார், புண் எங்கே புகுந்தது, எவ்வாறு இறந்தார் என்பனவெல்லாம் எழுதப்பட்டன. ஆயுதங்களின் திறனை மதிப்பிடுதலும் அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைத்தல் முறையன்று. கொல்லுந் திறனை அளக்கச் சென்றவர் எழுதிய அதே தாள்களிற் காக்கும் வழியும் கிடந்தது. ஆயின் அதனைப் படித்தெடுப்பார் வருதற்குக் காலஞ் சென்றது.

ரொனால்ட் பெல்லமி என்னும் படை மருத்துவர் அவ்வேடுகளை ஆராய்ந்து 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். மரணங்களுட் பெரும்பகுதி எவராலும் தடுத்தற்கியலாதவை. தலையில் ஊடுருவிய காயமே முதலிடம் பெற்றது. ஆயினும் நூற்றுக்கு 9 பேர் கை அல்லது காலிலிருந்து குருதி வடிந்தே இறந்திருந்தனர். ஓர் உறுப்பை இறுகக் கட்டியிருந்தாற் பிழைத்திருக்கக்கூடியோர் அவர். அக்காலத்தில் இறுக்குப்பட்டி கட்டுதல் உறுப்பைக் கெடுக்கும், இறுதி வழியாகவே கொள்க என்று முதலுதவி நூல்கள் கற்பித்துவந்தன. 1996இல் பிராங்க் பட்லரும் துணைவரும் களமருத்துவ நெறிகளைப் புதிதாக வகுத்தபோது, உயிர்க்கு ஊறு செய்யும் கைகாற் குருதிப்பெருக்குக்குப் பட்டியை முதலிலேயே கட்டுக என விதித்தனர். வியட்நாமில் எழுதப்பட்ட தாள் பயன் தர ஏறத்தாழ முப்பது ஆண்டு சென்றது.

அவ்விதி சரிதானா என்று ஐயுற்றோர் பலர். 2006இற் பக்தாத் நகரத்து இப்னு சீனா வைத்தியசாலையில் ஜோன் கிராக் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், பட்டி கட்டப்பட்டு வந்த ஒவ்வொருவரையும் பதிந்தார். 232 பேர், 309 உறுப்புக்கள், 428 பட்டிகள். எப்பொழுது கட்டினர் என்ற நிரலே அவ்வாய்வின் கண். அதிர்ச்சி நிலை தோன்றுமுன் கட்டப்பட்டோருள் நூற்றுக்கு 90 பேர் பிழைத்தனர்; தோன்றியபின் கட்டப்பட்டோருள் 10 பேரே பிழைத்தனர். பட்டியால் இழந்த உறுப்பு ஒன்றேனும் இல்லை. காயங்களின் பெயரை மட்டும் எழுதி நேரத்தை விட்டிருந்தால் இவ்வேறுபாடு வெளிப்பட்டிராது.

இங்கே ஆசிரியர்க்குப் பழக்கமான ஓர் உவமை கூறுவேன். வகுப்பு இடாப்பில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால், மாணவன் வரவில்லை என்பதா, ஆசிரியர் குறிக்கவில்லை என்பதா? வராதவனுக்கு ஒரு குறி இடுதல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. காய ஆராய்ச்சியில் இவ்வெறுங் கட்டம் உயிரோடு விளையாடும். "பட்டி கட்டப்படவில்லை" என்பது ஒன்று. "கட்டப்பட்டதா என்பது தெரியவில்லை" என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கி "இல்லை" என்று எழுதும் உதவியாளர், எதனையும் இட்டுக்கட்டாமலே பொய்யான முடிவொன்றுக்கு வழி செய்கின்றார். களத்திலோ எழுத நேரமில்லை. இருளும் தூசும் அச்சமும் சூழ்ந்திருக்கும். வெறுங் கட்டங்கள் மிகுதியாக இருத்தல் வியப்பன்று. அவற்றை வெறுமையாகவே காட்டும் மனத்துணிவு வேண்டும்.

இதனினும் நுண்ணியது இன்னொன்று. ஈராக்கில் ஒரு படை வைத்தியசாலையில் மிகுதியாகக் குருதி ஏற்றப்பெற்ற 246 பேரின் ஏடுகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவைச் செங்குருதிக் கலங்களோடு ஒப்பக் கொடுத்தவரிடை மரணம் நூற்றுக்கு 19. மிகக் குறைவாகக் கொடுத்தவரிடை 65. இந்த எண்களைக் கண்டு மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆயின் சிலர் ஒரு வினா எழுப்பினர். பிளாஸ்மா உறைநிலையில் இருப்பது. உருக்கிக் கொடுக்க நேரம் வேண்டும். விரைவில் இறந்தவனுக்கு அது வந்து சேர்ந்திராது. அவன் பிளாஸ்மா பெறாமையால் இறந்தானா, இறந்தமையாற் பெறாதிருந்தானா? 2009இல் அலபாமா மாநிலத்து ஆய்வாளர், தம் நோயாளருக்குக் குருதி ஏறிய நேரத்தையும் சேர்த்துக் கணித்தபோது அத்தொடர்பு பெரிதும் மங்கிற்று.

ஐயத்தைத் தீர்க்க, வட அமெரிக்காவில் 12 வைத்தியசாலைகளில் 680 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒப்பக் கொடுத்த பிரிவில் 24 மணி நேரத்துள் இறந்தோர் நூற்றுக்கு 12.7, மற்றதில் 17.0. தற்செயலாகவும் இவ்வேறுபாடு வந்திருக்கலாம் என்பதால் ஆய்வாளர் அதனை வெற்றி என்று முழங்கவில்லை. ஆயினும் குருதி வடிந்து இறந்தோர் தொகை 14.6இலிருந்து 9.2ஆகத் தெளிவாகக் குறைந்திருந்தது. 2007இன் முடிவு முற்றும் பொய்யன்று. ஆனால் அவ்வளவு பெரிதும் அன்று. இத்தகைய அடக்கமான விடையே என் மதிப்பில் நல்ல ஆராய்ச்சியின் அடையாளம்.

வைத்தியசாலை வாயிலை அடைந்தோரை மட்டும் எண்ணுதல் எவ்வளவு குறைபாடு என்பதை 2012இல் பிறயன் ஈஸ்ற்றிஜ் குழுவினர் காட்டினர். 2001 முதல் 2011 வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயமுற்று இறந்த 4,596 அமெரிக்கப் படையினரின் ஏடுகளையும் பிரேத பரிசோதனைகளையும் ஒவ்வொன்றாக நோக்கினர். நூற்றுக்கு 87 பேர் சத்திரசிகிச்சை வசதியுள்ள இடத்தை அடையுமுன்னரே இறந்திருந்தனர். அவருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் பிழைத்திருக்கக்கூடியவர். அந்நாலிலொரு பங்கினருள் நூற்றுக்கு 91 பேர் இறந்தது குருதிப்பெருக்கினால். கைகாலிலிருந்து வடிந்து இறந்தோர் தொகை பட்டி பரவியபின் வெகுவாகக் குறைந்திருந்தது. எஞ்சியது மார்பும் வயிறும், பட்டி கட்டவியலாத கவடும் அக்குளும்.

இதே போர்களிற் சென்ற 75ஆம் றேஞ்சர் படைப்பிரிவில் மட்டும் நிலை வேறாக இருந்தது. அப்பிரிவில் மருத்துவ உதவியாளர்க்கு மட்டுமன்றி வீரர் அனைவர்க்கும் குருதியை நிறுத்தும் பயிற்சி அளித்தனர். தமக்கென ஒரு காயப் பதிவேடும் வைத்திருந்தனர். 419 பேர் போரிற் காயமுற்றனர். 32 பேர் இறந்தனர். ஆனால் கைகாற் குருதிப்பெருக்கு, மார்பிற் காற்று அடைபடல், மூச்சுவழி அடைபடல் ஆகிய தடுக்கக்கூடிய மூன்று காரணங்களாற் களத்தில் இறந்தவர் ஒருவருமில்லை என்று 2011இல் எழுதினர். பயிற்சியினாலா, பதிவேட்டினாலா இது வாய்த்தது என்று பிரித்துக் கூறுதல் கடினம். தலைவர்கள் அவ்வேட்டைப் படித்துப் பயிற்சியை மாற்றிவந்தனர் என்பதால் இரண்டும் ஒன்றாகவே நிகழ்ந்தன என்று கொள்ளலாம்.

அவர்கள் கையாண்ட அட்டையின் வழிவந்ததே பின்னர் அமெரிக்கப் படை முழுவதற்கும் பொதுவான அட்டை ஆயிற்று. அதில் மனித உருவம் ஒன்று முன்னும் பின்னுமாக வரையப்பட்டிருக்கும். புண் பட்ட இடத்தில் ஒரு குறி இட்டாற் போதும். நான்கு கைகால்களின் அருகிலும் பட்டி கட்டிய நேரத்துக்கென ஒவ்வொரு கோடு விடப்பட்டிருக்கும். போருக்குப் புறப்படும் வீரனின் முதலுதவிப் பையில், கட்டுத்துணியோடும் இறுக்குப்பட்டியோடும் அவனுக்குரிய அட்டையும், அழியாத மைப் பேனை ஒன்றும் வைக்கப்படுகின்றன.