பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியும் கணிப்பொறியும்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்னும் கொடிய நோய் 1921-ஆம் ஆண்டில் கென்யாவிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. நமது நாட்டில் அது 2020-இல் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் தோன்றியது. இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆயினும் வீரியமிக்க வைரஸ் புகுந்த மந்தையில் ஏறக்குறைய எல்லாப் பன்றிகளும் மடியக்கூடும். 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த சுமார் 90 லட்சம் பன்றிகளுள் 21 லட்சம் அஸ்ஸாமில் இருந்தன. சில பன்றிகளையே சேமிப்பாகக் கொண்ட குடும்பங்களுக்கு இந்நோயால் நேரும் இழப்பு பெரிது.

பழைய முறையும் அதன் இடரும்

வைரஸை வலுக்குறைத்து உயிருடன் செலுத்துவது தடுப்பூசி செய்யும் பழைய முறைகளுள் ஒன்று. 1960-களில் போர்ச்சுகலில் இம்முறையைக் கையாண்டபோது, ஊசி போடப்பட்ட பன்றிகள் பலவற்றுக்கு நாட்பட்ட நோய் உண்டாயிற்று. மரபுக்கூறுகள் சிலவற்றை நீக்கி வலுக்குறைத்த தடுப்பூசிகளைப் பயன்படுத்த 2023-இல் வியட்நாம் இசைவளித்தது. எனினும், வலுக்குறைந்த வைரஸ் மீண்டும் வீரியம் பெறுமோ என்னும் ஐயம் விஞ்ஞானிகளிடையே நிலவுகிறது. ஆகவே, முழு வைரஸையும் செலுத்தாமல், அதன் புரதங்களின் சிறு துண்டுகளை மட்டும் கொண்டு தடுப்பூசி அமைக்க இயலுமா என ஆராய்கின்றனர்.

துண்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

வைரஸ் புகுந்த உயிரணு அதன் புரதங்களைத் துண்டாக்கித் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கிறது. அத்துண்டுகளைக் கண்டே ‘டி’ வெள்ளணுக்கள் நோயுற்ற உயிரணுவை அழிக்கின்றன. இத்தகைய துண்டு பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்டது. எதனைத் தேர்வது என்பதே கேள்வி.

எடுத்துக்காட்டாக, இவ்வைரஸின் பி72 என்னும் உறைப் புரதத்தில் 646 அமினோ அமிலங்கள் உள்ளன. முதலாவதிலிருந்து ஒன்பது, இரண்டாவதிலிருந்து ஒன்பது என எண்ணிச் சென்றால் 638 துண்டுகள் கிடைக்கும். வைரஸிலோ 150-க்கு மேற்பட்ட புரதங்கள் உள்ளன. பல்லாயிரம் துண்டுகளையும் பன்றிகளில் சோதிப்பது இயலாத காரியம். இங்குதான் கணிப்பொறி உதவுகிறது. அது மூன்று வினாக்களை எழுப்பிச் சலிக்கிறது:

1. பன்றியின் ஏந்து புரதத்துடன் இத்துண்டு நன்கு பொருந்துமா?
2. பல நாடுகளில் கண்ட வைரஸ் வகைகளிலும் இது மாறாமல் உள்ளதா?
3. பன்றியின் சொந்தப் புரதத்தை இது ஒத்திருக்கிறதா? ஒத்திருப்பின் விலக்கப்படும்.

எஞ்சிய சிலவற்றை ஒரே சங்கிலியாகக் கோத்து ஆய்வகத்தில் உருவாக்கலாம்.

கணிப்பின் எல்லை

கணிப்பொறி தனக்கு அளிக்கப்பட்ட சோதனை விவரங்களைக் கொண்டே முடிவு கூறுகிறது. அவ்விவரங்களுள் பெரும்பாலானவை மனிதனையும் சுண்டெலியையும் பற்றியவை. பன்றியைப் பற்றியவை குறைவு. மேலும் ஏந்து புரதம் இனத்துக்கு இனம், பன்றிக்குப் பன்றி வேறுபடும். அயல்நாட்டுப் பன்றிக்கு ஏற்ற துண்டு நம் நாட்டுப் பன்றிக்கு ஏற்காமற் போகலாம். துண்டு நன்கு பொருந்தினாலும், அதனால் விளையும் எதிர்ப்பாற்றல் உயிர்காக்கப் போதுமானதா என்பதையும் கணிதம் மட்டும் கூறிவிட இயலாது.

எனவே, கணிப்பொறி தேடும் பரப்பைக் குறைத்துத் தருகிறது எனலாம். நம் நாட்டுப் பன்றியினங்களின் ஏந்து புரதங்களை ஆராய்ந்து பதிவு செய்வது அத்தேடலைச் செம்மையாக்கும். தடுப்பூசி பயன்படுமா என்பதை இறுதியில் தீர்மானிப்பது பன்றிகளில் முறையாக நடத்தப்படும் பரிசோதனையே.