கோடைப் பயிற்சியும் நிலைத்த பணியும்
(இளைஞர் பாடம்)



தமிழ் ஜைனர்களாகிய நம்முள் பெரும்பாலோர் உழவர் குடியில் வந்தவர்கள். ஏரும் ஏரிப்பாசனமும் அறிந்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கணக்கியலும் மேலாண்மையும் பயின்று, சென்னை, மும்பை, வெளிநாடுகள் எனச் செல்கின்றனர். அவர்களுள் சிலர் நாடும் துறை முதலீட்டு வங்கித் துறை. அத்துறையில் பெரும்பாலும் கோடை விடுமுறைப் பயிற்சியின் வழியாகவே முழுநேரப் பணி வாய்க்கிறது. அப்பயிற்சியை எவ்வாறு பயன்படுத்துவது, அதனிடையே நம் விரதங்களை எவ்வாறு காப்பது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. துறையின் இயல்பு

முதலீட்டு வங்கி என்பது நாம் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கி போன்றதன்று. நிறுவனங்கள் பங்கு வெளியிட்டுப் பொருள் திரட்டவும், ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்கவும், இரண்டு நிறுவனங்கள் இணையவும் அறிவுரை கூறி, அவற்றின் மதிப்பைக் கணக்கிட்டுத் தருவது இதன் தொழில். நம் நாட்டில் இப்பணியைச் செய்வோர் 'மெர்ச்சன்ட் பேங்கர்' என்ற பெயரில் செபியிடம் பதிவு பெறவேண்டும். அதற்கான விதிகள் 1992இல் இயற்றப்பட்டன.

இந்திய மேலாண்மைக் கழகங்களில் முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மாதம் மாணவர் பயிற்சிக்குச் செல்வர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது பெரும்பாலும் பத்து வாரம் வரை நீளும். பயிற்சியில் நிறைவு கண்ட நிறுவனம், படிப்பு முடியுமுன்பே பணிக்கு அழைப்பு விடுக்கும். இதனை 'பிரீ பிளேஸ்மெண்ட் ஆஃபர்' என்பர்.

2. பயிற்சிக்காலத்தில் எதனைப் பார்க்கின்றனர்?

காஞ்சிக்குத் தெற்கே சேயாற்றங்கரையில் உள்ள மாகறல், பழைய ஜினாலயம் இருந்த ஊராக ஆய்வாளர்களால் குறிக்கப்படுவது. அதனை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளை அவை கூறுகின்றன. நிலமும் வீடும் கல்வியும் உடையவராயினும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதலாகாது; அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் விலக்கப்பட்டது. பொதுப்பொருளைக் கையாளும் பொறுப்புக்குக் கல்வி மட்டும் போதாது, கணக்கில் நம்பகம் வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூரார் உணர்ந்திருந்தனர்.

முதலீட்டு வங்கியும் இதனையே பார்க்கிறது. மாணவர் அறிவுடையவர் என்பது நேர்காணலிலேயே தெரிந்துவிடும். 'இவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு நாம் வேறு வேலையைக் கவனிக்கலாமா?' என்ற ஒரே வினாவுக்கு விடை காண்பதற்கே பயிற்சிக்காலம். இறுதியில் மேலதிகாரி ஒருவர் மட்டும் முடிவு செய்வதில்லை; உடன் பணியாற்றிய இளநிலை ஊழியர் முதல் அனைவரிடமும் கருத்துக் கேட்பது வழக்கம். ஆதலால் பெரியவரிடம் ஒரு முகமும் ஏனையோரிடம் ஒரு முகமும் காட்டுவது பயன் தராது.

3. கணக்கில் தூய்மை

பயிற்சி மாணவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சிறு வேலைகள்: ஒத்த நிறுவனங்களின் புள்ளிகளைத் திரட்டுதல், மதிப்பீட்டுக் கணக்கு அமைத்தல், வாடிக்கையாளருக்கான விளக்க ஏட்டைச் சரிபார்த்தல். இவற்றில் ஒரு பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம்.

ஒரு நிறுவனத்தின் பங்கு விலை 200 ரூபாய்; பங்குகள் 5 கோடி. பங்குகளின் மொத்த மதிப்பு 1,000 கோடி ரூபாய். கடன் 300 கோடி. கையிருப்பு 100 கோடி. கடனைக் கூட்டிக் கையிருப்பைக் கழித்தால், தொழிலின் மதிப்பு 1,200 கோடி. வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றுக்கு முந்திய ஆண்டு வருவாய் 150 கோடி எனில், மதிப்பு அதன் 8 மடங்கு. கடனைக் கூட்ட மறந்தவர் 900 கோடி என எழுதி 6 மடங்கு என்பார். அந்நிறுவனம் மலிவாகக் கிடைப்பதாக வாடிக்கையாளர் எண்ணிவிடுவார்.

நம் பிள்ளைகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது அலகு மாற்றம். 10 லட்சம் ஒரு மில்லியன். 100 கோடி ஒரு பில்லியன். ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் அதன் அலகையும், எடுத்த ஆவணத்தையும் பக்கத்தையும் குறித்து வைத்தல் நலம். ஒப்படைக்குமுன் தாளில் அச்சிட்டு ஒருமுறை படித்தல் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் பிழை நேரலாம். அப்போது பிறர் கண்டுபிடிக்குமுன் தாமே சென்று, 'இந்த இடத்தில் பிழை. சரியான எண் இது. இதனால் மாறும் பக்கங்கள் இவை' எனக் கூறிவிட வேண்டும். குருவிடம் குற்றத்தை மறையாது உரைக்கும் ஆலோசனையும், குற்றத்திலிருந்து மீளும் பிரதிக்கிரமணமும் நமக்குப் புதியன அல்ல. பிழையைத் தானே கூறும் மாணவரின் ஏனைய பக்கங்களை மேலதிகாரி நம்புவார். மறைத்தவர் அகப்பட்டாலோ, அவர் செய்த அனைத்தும் ஐயத்துக்கு உள்ளாகும்.

4. வாய்மை விரதத்தின் ஐந்து குற்றங்கள்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தாரின் சத்திய அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவை இத்துறைக்கென்றே வகுத்தவை போலப் பொருந்துகின்றன.

மித்யோபதேசம்: தவறான அறிவுரை கூறுதல். வாடிக்கையாளர் விரும்பும் விலையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்பக் கணக்கை வளைப்பது இதில் அடங்கும்.

ரகோப்யாக்யானம்: தனிமையில் நிகழ்ந்ததை வெளியிடுதல். மின்தூக்கியிலும் இரயிலிலும் வாடிக்கையாளர் பெயரைப் பேசுவது இக்குற்றம்.

கூடலேககிரியை: பொய் ஆவணம் எழுதுதல். பங்கு வெளியீட்டு அறிக்கையை உரியவாறு ஆராய்ந்ததாக மெர்ச்சன்ட் பேங்கர் செபிக்குச் சான்றளிக்க வேண்டும். பாராத ஆவணத்தைப் பார்த்ததாகக் குறிப்பதும் பொய்யெழுத்தே.

நியாசாபகாரம்: அடைக்கலம் வைத்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்க, வாய்மூடி அதனையே கொடுத்தல். நண்பர் செய்த வேலைக்குத் தம்மைப் பாராட்டும்போது மௌனமாக இருப்பதும் இவ்வகையைச் சார்ந்ததே.

சாகாரமந்திரபேதம்: குறிப்பால் அறிந்த பிறர் ஆலோசனையை வெளிப்படுத்துதல். இதில் பெற்றோர்க்கும் பங்குண்டு. விடுமுறையில் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம், 'எந்தப் பங்கு ஏறும், சொல்லப்பா' என்று தந்தையோ மாமாவோ விளையாட்டாகவும் கேட்டல் ஆகாது. வெளிவராத செய்தியைச் சொன்ன பிள்ளையும், அதனைக் கொண்டு பங்கு வாங்கிய உறவினரும் செபியின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி நடவடிக்கைக்கு உள்ளாவர். பிள்ளையின் வேலையும் பெயரும் ஒருங்கே போகும்.

5. உணவும் உறக்கமும்

இத்துறையில் நள்ளிரவு வரை வேலை நீள்வது உண்டு. இரவு உண்ணா விரதம் உடையவர் செய்ய வேண்டுவது யாது? மே மாதத்தில் சென்னையில் மாலை ஏறத்தாழ 6.30 மணிக்கும், மும்பையில் ஏறத்தாழ 7 மணிக்கும் சூரியன் மறைகிறது. முதல் நாளிலேயே, 'மாலையில் கால்மணி நேரம் உணவுக்கு எழுவேன். பின் எவ்வளவு நேரமாயினும் வேலை செய்வேன்' எனப் பணிவுடன் கூறிவிடலாம். காரணத்தைத் தெளிவாகச் சொன்னால் பெரும்பாலோர் மதிப்பர். சொல்லாமல் மறைந்து செல்வதே ஐயத்தை விளைவிக்கும்.

உறக்கத்தைக் கெடுத்துக்கொள்வது திறமையின் அடையாளமன்று. 2013இல் இலண்டனில் ஒரு பெரிய வங்கியில் கோடைப் பயிற்சி பெற்ற 21 வயது மாணவர், பயிற்சி முடியும் தறுவாயில் இறந்தார். வலிப்பு நோயே காரணம் என விசாரணை கண்டது. களைப்பு அதனைத் தூண்டியிருக்கலாம், உறுதியாகக் கூற இயலாது என விசாரணை அதிகாரி உரைத்தார். 2015இல் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனம், பயிற்சி மாணவர் நள்ளிரவு முதல் காலை 7 மணி வரை அலுவலகத்தில் இருத்தலாகாது என விதித்தது. அகிம்சை தன் உடலுக்கும் உரியது. நோயுடைய பிள்ளைகள் அதனை நிறுவனத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

6. பணியைக் கேட்கும் முறை

பயிற்சியின் பாதியிலேயே, 'என் வேலையில் திருத்திக்கொள்ள வேண்டியது யாது?' எனக் கேட்டறிந்து, எஞ்சிய வாரங்களில் அதனைத் திருத்திக் காட்ட வேண்டும். ஐயங்களைக் குறித்து வைத்து ஒருசேரக் கேட்கலாம். கேட்டதையே மறுமுறை கேட்கலாகாது. கை ஓய்ந்தபோது தாமே சென்று வேலை கேட்க வேண்டும். இறுதி வாரத்தில், 'இங்கேயே பணியாற்ற விரும்புகிறேன்' என்பதை வாய்திறந்து சொல்லவேண்டும். அடக்கம் கருதி வாளாவிருப்போரை விருப்பமற்றவராகக் கருதுவதுண்டு.

அழைப்பு வாராவிடில் அது முடிவன்று. சில ஆண்டுகளில் சந்தை மந்தத்தால், நன்கு பணிசெய்தோர்க்கும் இடம் இராது. உடன் பணியாற்றியவரிடம் நற்சான்று பெற்று வேறு நிறுவனங்களை அணுகலாம். செபி நிறுவிய தேசியப் பங்குச் சந்தைக் கழகமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கிங் தேர்வை எழுதலாம். மேலாண்மைக் கழகக் கட்டணம் தாங்கவியலாத குடும்பங்களுக்குப் பட்டயக் கணக்காளர் படிப்பு நல்ல வழி. அதற்குரிய செய்முறைப் பயிற்சி 2023ஆம் ஆண்டுத் திட்டப்படி இரண்டு ஆண்டுகள்.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் சேர்ந்தே வழியாகும் என்பது நம் மதம். கல்லூரி ஞானத்தைத் தரும். ஒழுக்கத்தை வீடுதான் தரவேண்டும். அவ்வொழுக்கமே வேலையையும் பெற்றுத் தருமாயின், அது நம் இல்லங்களுக்குப் பெருமை.

சிந்தனைக்கு:

1. சத்திய விரதத்தின் ஐந்து அதிசாரங்களையும் கூறி, உம் தொழிலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. 2.5 பில்லியன் ரூபாய் எத்தனை கோடி?
3. பிள்ளையின் அலுவலகச் செய்திகளை வீட்டில் எந்த அளவுக்குப் பேசலாம்? குடும்பத்துடன் கலந்து முடிவு செய்க.

திருவறம் வளர்க.