துப்பாக்கிக் கைமாற்றமும் கடைக்கூலியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில், பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்று வாங்கிய துப்பாக்கிகள் சில தோட்டக்காரக் குடும்பங்களில் தலைமுறை கடந்தும் இருந்து வருகின்றன. அவற்றை விற்கவும் வாங்கவும் எண்ணுவோரிடையே, அமெரிக்கக் காணொளிகளாலும் சமூக ஊடக விளம்பரங்களாலும் சில தவறான கருத்துகள் பரவியுள்ளன. இவற்றை நம்பி நடப்பவர் முன்பணத்தை மட்டுமன்றித் தம் விடுதலையையும் இழக்க நேரும் என்பதால், ஒவ்வொன்றையும் சட்டத்தோடு ஒப்பிட்டுத் தெளிவது அவசியமாகிறது.

நம்பிக்கை 1: துப்பாக்கியை இணையத்தில் வாங்கி, உள்ளூர்க் கடைக்கு வரவழைத்து, சிறு கட்டணம் செலுத்திப் பெயர் மாற்றிக்கொள்ளலாம்.

உண்மை: இது அமெரிக்க நடைமுறை. அங்கு 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வேறு மாநிலத்தில் வாங்கிய துப்பாக்கி கூட்டாட்சி உரிமம் பெற்ற வணிகர் ஒருவரின் கடைக்கே அனுப்பப்பட வேண்டும். அவர் வாங்குபவரிடம் படிவம் பெற்று, குற்றப் பின்னணியைச் சரிபார்த்து ஒப்படைப்பதற்காகத் தாமே நிர்ணயித்த கூலியைப் பெறுகிறார். இந்தியாவில் வரிசை தலைகீழானது. ஆயுதச் சட்டம், 1959இன் 3ஆவது பிரிவு, துப்பாக்கியைக் கையில் பெறுவதற்கு முன்பே உரிமம் இருக்க வேண்டும் என்கிறது. 5ஆவது பிரிவு, விற்பனைத் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும் என்கிறது. வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சுங்கவரி கட்டி வரவழைக்கும் வழியும், தேர்ச்சி பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலரைத் தவிர்த்து, 1980களின் நடுப்பகுதியிலிருந்தே தனிநபர்களுக்கு அடைபட்டுக் கிடக்கிறது.

நம்பிக்கை 2: விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் உரிமம் இருந்தால், முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அன்றே கைமாற்றிக்கொள்ளலாம்.

உண்மை: சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருக்கும் துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதியுடைய இன்னொருவருக்கு வணிக உரிமம் இல்லாமலேயே விற்க 5ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவு இடமளிக்கிறது என்பது மெய்தான். ஆயினும் விற்கும் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நிர்வாக நடுவருக்கோ (அந்தப் பொறுப்பை வகிப்பவர் மாவட்ட ஆட்சியர்) அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்கோ எழுத்தில் தெரிவித்து, அதன்பின் 45 நாட்களாவது கழிந்த பிறகே கைமாற்றம் நடைபெற வேண்டும். இந்த இடைவெளியில், வாங்குபவர் யார், அவருடைய உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை அரசால் சரிபார்க்க முடிகிறது. 5ஆவது பிரிவை மீறிய விற்பனைக்கு, 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

நம்பிக்கை 3: கடைக்காரருக்குக் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டால் கைமாற்றத்தை அவரே முடித்துத் தருவார்.

உண்மை: பத்திரம் எழுதுபவருக்குக் கூலி கொடுத்ததாலேயே நிலம் பதிவாகிவிடாதது போல, கடைக்குக் கொடுக்கும் தொகையால் துப்பாக்கி சட்டப்படி கைமாறிவிடுவதில்லை. இந்த வட்டாரங்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் தனிநபருக்கான உரிமத்தை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். ஆயுத விதிகள், 2016 வகுத்துள்ள உரிமக் கட்டணம் அரசுக்குச் சேர்வது. பழைய துப்பாக்கியை விற்றுத் தருவதற்கும் பழுது நீக்குவதற்கும் கடைக்காரர் கேட்பது பேசி முடிக்கும் வணிகக் கூலியே. அது மேற்சொன்ன அறிவிப்புக்கோ காத்திருப்புக்கோ ஈடாகாது. நேர்மையான கடையில் முதலில் நடப்பது சரிபார்ப்பு: உரிமத்தின் அசல், அதிலுள்ள தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண், உரிமம் முடியும் நாள், துப்பாக்கியின் வகை ஆகியவற்றைப் பார்த்த பின்னர், உரிமத்தில் எழுதப்பட்டுள்ள எண்ணும் துப்பாக்கியின் உலோகத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணும் இலக்கம் இலக்கமாக ஒப்பிடப்படும். அந்த எண்ணைத் தேய்த்து அழிப்பதே ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி தடைசெய்யப்பட்ட செயல் என்பதால், எண் மங்கிய துப்பாக்கி மலிவாகக் கிடைத்தாலும் தொடத் தக்கதன்று.

நம்பிக்கை 4: தந்தையின் துப்பாக்கி, வீடு வாசலைப் போல மகனுக்குத் தானாக வந்து சேரும்.

உண்மை: துப்பாக்கி சொத்தாக இருந்தாலும் உரிமம் சொத்தன்று. உரிமதாரர் இறந்த பிறகோ, அவர் 70 வயதை எட்டியபோதோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்த பிறகோ, சட்டப்பூர்வ வாரிசு தம் பெயரில் உரிமம் கேட்க 2016ஆம் ஆண்டின் விதிகள் வழிசெய்கின்றன. அவருக்கும் வயது, காவல் துறை அறிக்கை முதலான தகுதிகள் பொருந்த வேண்டும். உரிமம் இல்லாமற்போன துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைப்பது ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி கட்டாயம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டின் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டதையும் வாரிசுகள் கருத்தில் கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 5: பயிர்க் காவலுக்கு உரிமம் இருந்தால் தோட்டத்துக்குள் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம்.

உண்மை: இந்த வட்டார விவசாயிகளின் இழப்பு பெரிது, அவர்களின் கோபம் நியாயமானது. எனினும் பயிர்க் காவல் உரிமம் வேட்டைக்கான அனுமதியாகாது. காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் பாதுகாப்பில் உள்ள விலங்கு. மேலும், 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் அறிவிக்கப்பட்ட நிலப்பகுதி இது. அச்சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வாழும் உரிமதாரர்கள் வனத்துறையிடம் தம் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவும் வேண்டும். ஆகவே சரணாலயப் பகுதியிலுள்ள செண்பகத்தோப்பை ஒட்டிய தோட்டக்காரர் ஒருவர் துப்பாக்கிக்குப் பேரம் பேசுமுன் இந்த இசைவைப் பற்றி விசாரிப்பதே முறை.

நம்பிக்கை 6: ஏர்கன் எதற்கும் உரிமம் தேவையில்லை.

உண்மை: 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல்விட்டமும், குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்டவற்றுக்கே உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தாண்டினாலும் அது உரிமம் தேவைப்படும் ஆயுதமாகிவிடும். இணையத்தில் வாங்குபவர் விளம்பர வாசகத்தை விடுத்து இவ்விரண்டு அளவுகளையே பார்க்க வேண்டும்.

எனவே, கடை எவ்வளவு கேட்கும் என்பது கடைசியாக எழ வேண்டிய கேள்வி. விற்பவரின் உரிமம் நடப்பில் உள்ளதா, வாங்குபவரின் உரிமம் அந்த வகைத் துப்பாக்கிக்குப் பொருந்துகிறதா, எழுத்து அறிவிப்புக்கு ஒப்புகைச் சீட்டு பெறப்பட்டதா, 45 நாட்கள் கழிந்தனவா என்ற நான்குக்கும் ஆம் என்ற விடை கிடைக்கும் முன்பு, யாருக்கும், எந்தச் செயலி வழியாகவும், முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கலாகாது.